முதலில் பெயர், பிறகு மண்டபம்

கல்யாணம் பேசி முடித்த வீட்டில் மறுநாளே எல்லோரும் கேட்பது, "மண்டபம் பிடிச்சாச்சா?" என்பதுதான். 2025 ஆவணியில் என் அக்காவின் இளைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சென்னையில் வேலை பார்க்கிறவர்கள். அவள் வீடு கும்பகோணம், அவர் வீடு மதுரைப் பக்கம். "நாங்களே எல்லாம் பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு இருவரும் மடிக்கணினியைத் திறந்து மண்டபப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா பரணில் இருந்து இரண்டு பழைய நோட்டுகளை இறக்கி, தூசி தட்டி அவர்கள் முன்னால் வைத்தாள். ஒன்று அவளுடைய கல்யாண மொய் நோட்டு, 1989-இல் எழுதியது. இன்னொன்று மூத்தவள் கல்யாணத்து நோட்டு, 2018.

"இதை முதல்ல படிங்க மாப்பிள்ளை. எத்தனை பேர்னு தெரியாம எந்த மண்டபத்தைப் பிடிப்பீங்க?"

அன்று அவள் கேட்ட கேள்விதான் கல்யாண ஏற்பாட்டுக்கு அடிப்படை. மண்டபம், சமையல், பத்திரிகை, தாம்பூலப் பை, வண்டி எல்லாமே ஒரு பெயர்ப் பட்டியலில் இருந்து பிறக்கின்றன. பட்டியல் சரியாக இருந்தால் மற்றவை சுலபம். அதில் கோட்டை விட்டால் பணமும் போகும், உறவும் போகும்.

பட்டியல் எப்படிப் போடுவது?

நினைவில் இருந்து எழுதக் கூடாது. மொய் நோட்டில் இருந்து எழுத வேண்டும். அதில் ஊர், பெயர், தொகை மூன்றும் வரிசையாக இருக்கும். நம் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மதுரைப் பக்கம் இதைச் 'செய்முறை' என்பார்கள். அவர்கள் நமக்குச் செய்ததை நாம் திரும்பச் செய்திருக்கிறோமா என்பதும் அதே நோட்டில் இருந்துதான் தெரியும்.

அக்கா மகள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டாள். 1989 நோட்டில் திருக்காட்டுப்பள்ளிச் சின்னத் தாத்தா 51 ரூபாய் எழுதியிருந்தார். 2018 நோட்டில் அந்த ஊரே இல்லை. அக்காவிடம் கேட்டாள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூப்பிட விட்டுப்போச்சுடி" என்றாள். வேண்டுமென்று செய்ததல்ல. ஆளாளுக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். அதோடு ஏழு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. புதுப் பட்டியலில் முதல் பெயராக அந்த வீட்டை அக்கா மகள் எழுதினாள்.

பட்டியலை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், மணமக்களின் நண்பர்களும் அலுவலகத்தாரும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அந்த வீட்டில் எத்தனை பேர். இரண்டு, யார் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டாவதை எழுதாமல் விட்டதால்தான் திருக்காட்டுப்பள்ளி விட்டுப்போனது.

நாளும் மண்டபமும்

தமிழ்நாட்டில் ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்தைத்தான் பலர் கேட்பார்கள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றால் எஞ்சுவது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களுக்கு ஊரே போட்டி போடும். அதனால் ஜோசியரிடம் ஒரே ஒரு நாள் குறித்து வாங்கிக்கொண்டு மண்டபம் தேடிப் போகாதீர்கள். மூன்று, நான்கு நாட்கள் குறித்து வாங்குங்கள். எந்த நாளில் மண்டபம் கிடைக்கிறதோ அதை முகூர்த்த நாளாக முடிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழையையும் மனதில் வையுங்கள். திறந்த வெளியில் பந்தல் போட்டு வரவேற்பு வைக்க அது காலமல்ல.

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது மேடை அலங்காரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணுங்கள். கணக்கு எளிது. மதியச் சாப்பாட்டுக்கு 600 பேர், ஒரு பந்திக்கு 150 பேர் என்றால் நான்கு பந்தி. பரிமாறி, சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்று வைத்தால், கடைசிப் பந்தி எழுந்திருக்க இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும். பந்திக்கு 100 பேர் மட்டுமே உட்காரும் கூடம் என்றால் அதே கூட்டத்துக்கு நான்கு மணி நேரம். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்று இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்யாணங்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் போடாதவர்களின் கல்யாணங்கள்தான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாடகையில் எது அடக்கம், எது தனி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மின்சாரம் யூனிட் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, துப்புரவுக்குத் தனியா, ஜிஎஸ்டி சேர்த்த தொகையா சேர்க்காததா, முதல் நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும். வெளியில் இருந்து சமையல்காரரை அழைத்துவர விடுவார்களா என்பதும் முக்கியம். சில மண்டபங்களில் அவர்கள் சொல்லும் ஆளைத்தான் வைக்க வேண்டும்.

ஒரே கூட்டம், மூன்று எண்ணிக்கை

"எத்தனை பேர்?" என்று சமையல் கான்ட்ராக்டர் கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். முதல் நாள் இரவு, முகூர்த்தத்தன்று காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்று வேளை உண்டு. மூன்றுக்கும் கூட்டம் வேறு வேறு.

இதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். சென்னையில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையே வரவேற்பை வைத்துவிடுவது சாதாரணம். அலுவலக நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் அன்று வந்து, மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் இருக்கும். ஊர்ப்பக்கம் நிலைமை வேறு. தாலி கட்டும் நேரத்துக்குத்தான் கூட்டம் திரளும். எங்கள் மாப்பிள்ளை வீட்டார், "தாலி கட்டுறதுக்கு முன்னாடி என்னம்மா வரவேற்பு?" என்று நேராகவே கேட்டார்கள். பேசி, கல்யாணம் கும்பகோணத்தில், வரவேற்பு ஒரு வாரம் கழித்து மதுரையில் என்று முடிவானது. இரு ஊர்ச் சொந்தம் சேரும் கல்யாணத்தில் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

சமையலுக்கு விலை இலைக் கணக்கில் பேசுவார்கள். இலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டால், குறைந்தபட்சம் இத்தனை இலை என்று ஓர் எண்ணும் சொல்வார்கள். கூட்டம் குறைந்தாலும் அந்த எண்ணுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கூடினால் கூடின இலைக்குத் தனி. ஆகவே உறுதி சொல்லும் எண்ணைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று நம் வீட்டு ஆள் ஒருவர் சாப்பாட்டுக் கூடத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தம்பிக்கு. ஒவ்வொரு பந்தி உட்கார்ந்ததும் வரிசை வரிசையாக இலையை எண்ணி, சிறு நோட்டில் எழுதி, கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளரிடம் அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கினான். குழந்தைக்குப் போட்ட அரை இலைக்கும் ஒரு கோடு. மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு வார்த்தை கூடச் சச்சரவு வரவில்லை. இதைச் செய்யாத வீடுகளில் கல்யாணக் களைப்போடு ராத்திரி பத்து மணிக்கு "நீங்க சொல்றது 540, நாங்க எண்ணினது 610" என்று வாக்குவாதம் நடக்கும்.

மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய குவளை ஆகியவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அடங்கும். காகிதச் சுருளும் எவர்சில்வர் டம்ளரும் போதும். தாம்பூலத்துக்குத் துணிப்பை கொடுத்தால் தேங்காயை எடுத்த பிறகும் அந்தப் பை வீட்டில் புழங்கும்.

பத்திரிகை அடிப்பது

பத்திரிகை ஆளுக்கு ஒன்று அல்ல, வீட்டுக்கு ஒன்று. 600 பேருக்கு 600 பத்திரிகை தேவையில்லை. பட்டியலில் உள்ள குடும்பங்களை எண்ணி, அதற்கு மேல் ஒரு ஐம்பது சேர்த்தால் போதும். கடைசி நேரத்தில் நினைவுக்கு வருகிறவர்களுக்கு அந்த ஐம்பது.

அச்சகத்தில் பழைய மாதிரி ஒன்றைக் கணினியில் திறந்து அதன் மேல்தான் நம் பெயரை ஏற்றுவார்கள். பிழை நுழைவது அங்கேதான். எங்களுக்கு வந்த முதல் மெய்ப்பில் "நிகழும் மங்களகரமான குரோதி வருடம்" என்று இருந்தது. குரோதி 2024 சித்திரையில் தொடங்கி 2025 பங்குனியோடு முடிந்துவிட்டது. 2025 ஆவணி என்றால் விசுவாவசு வருடம். அறுபது வருடப் பெயர்களில் எது நடக்கிறது என்று யாரும் பார்க்காமலேயே எத்தனையோ பத்திரிகைகள் போன வருடத்துப் பெயரோடு ஊரைச் சுற்றி வருகின்றன. 'இங்ஙனம்' என்பது 'இங்கணம்' ஆகியிருந்தது வேறு.

'திருவளர்செல்வன்', 'திருநிறைசெல்வி' இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் பெரியவர்கள் கவனிப்பார்கள். வீட்டில் இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் 'திருவளர்' என்றும், கடைசிப் பிள்ளை என்றால் 'திருநிறை' என்றும் போடுவதாக ஒரு வழக்கம் உண்டு. எல்லா ஊரிலும் இதைப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் பார்ப்பவர் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மெய்ப்பைப் பார்க்க மூன்று பேர் போதும், ஆனால் மூன்று வேறு பேர். ஒருவர் தமிழுக்கு. ஒருவர் உறவு முறைக்கு: பெரியப்பாவுக்குப் பிறகு சித்தப்பா, தாய்மாமன் பெயர் விட்டுப்போகவில்லையே, காலமானவர் பெயர் சரியாகப் போட்டிருக்கிறதா. மூன்றாமவர் நாள், கிழமை, நேரம், மண்டப முகவரி மட்டும் பார்க்க வேண்டும். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியை எடுத்து வைத்துப் பாருங்கள். மணமக்கள் பெயர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருப்பது நல்லது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யாருக்கு எப்படிச் சொல்வது?

பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைத்துவிட்டு, நான்கு மூலையில் மஞ்சள் தடவி, தாய்மாமன் வீட்டில் இருந்து தொடங்குவது பல குடும்பங்களின் முறை. அதற்குப் பிறகு யாருக்கு நேரில், யாருக்குத் தொலைபேசியில், யாருக்கு வாட்ஸ்ஆப்பில் என்பதை அன்றன்று முடிவு செய்யாதீர்கள். பட்டியலிலேயே குறித்து வையுங்கள். சங்கடமே ஒரே தெருவில் வருவதுதான். பெரியப்பா வீட்டுக்குத் தட்டோடு போய்விட்டு, எதிர் வீட்டுச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அவர் வரமாட்டார். ஒரு தெருவுக்கு ஒரே முறை என்று வைத்துக்கொண்டால் மனக்கசப்பு குறையும்.

நேரில் அழைப்பவர்களுக்குக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரு நாளில் ஆறு, ஏழு வீட்டுக்கு மேல் போக முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் காபி கட்டாயம். ஊரில் இல்லாத நண்பர்களுக்கு முதலில் போன் போட்டுப் பேசிவிட்டு, பிறகு பத்திரிகையின் படத்தை அனுப்புங்கள். படம் முதலில் போய், போன் பின்னால் வந்தால் அழைத்ததுபோல இருக்காது. அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு பத்திரிகையை ஒட்டிவிட்டு எல்லோரையும் அழைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். யாரும் அதைத் தமக்கான அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வாட்ஸ்ஆப்பில் கவனிக்க வேண்டியவை

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப 'பிராட்காஸ்ட்' பட்டியலைப் பயன்படுத்துகிறோம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மணமகளின் எண் பெரியம்மாவின் போனில் இருக்காது. அம்மாவின் எண் இருக்கும். ஆகவே சொந்தக்காரர்களுக்கு அம்மா, அப்பா எண்ணில் இருந்து அனுப்புங்கள். நண்பர்களுக்கு மணமக்கள் எண்ணில் இருந்து.

அழைப்பைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ அனுப்புங்கள். 2024 இறுதியில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் 'ஏபிகே' கோப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அதைத் திறந்தவர்களின் போனுக்குள் நுழையும் மோசடி பற்றி இமாச்சலப் பிரதேசக் காவல் துறை எச்சரித்தது. ஏபிகே என்பது செயலியை நிறுவும் கோப்பு. பத்திரிகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தெரியாத எண்ணில் இருந்து அப்படி வந்தால் திறக்காதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

வர முடியாத வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலை இணைப்பு அனுப்பும் பழக்கம், 2020-இல் கொரோனாவால் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த காலத்தில் பரவலானது. இணைப்போடு முகூர்த்த நேரத்தை அவர்கள் ஊர் நேரத்திலும் எழுதிவிடுங்கள். இங்கே காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30.

பதிவு

தாலி கட்டியதோடு வேலை முடியவில்லை. தமிழ்நாட்டில் எந்த மதத்தவர் என்றாலும் திருமணத்தைப் பதிவு செய்வது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். திருமணம் நடந்த நாளில் இருந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு திருமணம் நடந்ததற்குச் சான்றாகப் பத்திரிகையையும் கேட்பார்கள். பத்திரிகையில் வீட்டுச் செல்லப் பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் அங்கே நிற்க வேண்டிவரும். முன்னால் சொன்ன எச்சரிக்கை இதற்குத்தான். அக்கா ஐந்து பத்திரிகையைத் தனியாக எடுத்து ஒரு கோப்பில் வைத்திருந்தாள்.

ஐயரோ ஓமமோ இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்யும் சுயமரியாதைத் திருமணமும் இந்துக்களுக்குச் செல்லும். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதற்குச் சட்ட ஏற்பு தரப்பட்டது. வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் மணந்துகொள்ள 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் அந்த 30 நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிட வேண்டும்.

கடைசியாக ஒரு நோட்டு

மொய் எழுதக் கையெழுத்து நன்றாக உள்ளவரும், பணத்தை எண்ணுபவரும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஊரை முதலில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கலாம், ஊர்தான் பிரித்துக் காட்டும். யுபிஐயில் வரும் மொய் நோட்டில் ஏறாமல் போய்விடும். அன்று இரவே வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதிச் சேர்த்துவிடுங்கள். திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது. ஆனாலும் கணக்கு வேண்டும், வரிக்காக அல்ல.

கல்யாணம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அக்கா புது நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் திருக்காட்டுப்பள்ளி இருந்தது. சின்னத் தாத்தா இப்போது இல்லை. அவர் மகன் 501 எழுதியிருந்தார். அக்கா அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி குறித்தாள். "அவர் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணமாம்" என்றாள். மாப்பிள்ளை கேட்டார், "நாங்களும் வரணுமாத்தே?"

"நீங்கதான் முதல்ல போகணும்."